காந்தமும் வாக்கும்

பாரிசவாயு கண்ட ஒருவர் சற்றுத் தேறி எழுந்து உட்காருகிறார். உற்றாரை அடையாளம் கண்டுகொள்கிறார். தண்ணீர் வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருக்கிறது. சொல் மட்டும் நாவுக்கு வர மறுக்கிறது. வைத்தியர்கள் இதை அஃபேஸியா என்பர். நாம் வாக்கிழப்பு என்று சொல்லலாம். பாரிசவாயு கண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது நேருகிறது. காந்த சிகிச்சையால் இவர்களுக்குப் பேச்சு திரும்பும் என்ற செய்தி பரவி வருகிறது. இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வது அவசியமாகிறது.

காந்தம் என்றதும் இது ஏதோ மந்திரவாதம் என்று தள்ளிவிடலாகாது. மாறும் காந்த சக்தி மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்பதை மைக்கேல் பாரடே 1831-ஆம் வருஷத்திலேயே நிரூபித்தார். அத்தத்துவத்தைக் கொண்டே 1985-இல் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் அந்தோணி பார்க்கரும் அவருடைய சகாக்களும் மூளையை வெளியிலிருந்தே தூண்டிக் காட்டினர். கம்பிச் சுருளொன்றைத் தலைமேல் வைத்து க்ஷணநேரம் மின்சாரம் செலுத்தினால், அதில் எழும் காந்த சக்தி மண்டையோட்டை ஊடுருவி மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. கத்தியும் வேண்டாம்; மயக்க மருந்தும் வேண்டாம். வினாடிக்கு ஒரு முறை மெதுவாகத் தூண்டினால் பெரும்பாலும் அவ்விடம் அடங்குகிறது. வேகமாகத் தூண்டினால் கிளர்ச்சியடைகிறது.

'டான்' என்ற ஒலியைத் தவிர வேறொன்றும் பேச இயலாதிருந்த ஒருவர் இறந்தபின், 1861-இல் பாரிஸில் பால் பிரோகா அவருடைய மூளையைப் பரிசோதித்து, இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருக்கக் கண்டார். ஆகவே இடப்பக்கத்தையே தூண்டவேண்டும் என்று தோன்றும். ஆனால் 2005-இல் பாஸ்டனில் மார்கரெட் நேஸரும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி நேர்மாறான வழியில் சென்றது. வலப்பக்கம் மிதமிஞ்சி உழைப்பதே இடப்பக்கம் மீள்வதற்குத் தடை எனக் கருதி, அவர்கள் வலப்பக்கத்தை அடக்கினர். நாள்பட்ட வாக்கிழப்புள்ள நால்வருக்கு 20 நிமிஷ வீதம் 10 முறை சிகிச்சை நடந்தது. படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லும் திறமை வளர்ந்தது; இரண்டு மாதங்களுக்குப் பின்னும் அது நிலைத்திருந்தது.

இது உற்சாகமூட்டும் சாட்சியம்தான். ஆயினும் நால்வருடைய சாட்சியத்தைக் கொண்டு தீர்ப்பு எழுத இயலாது. ஒப்புநோக்கப் போலிச் சிகிச்சை பெற்றவர்கள் அந்த ஆராய்ச்சியில் இல்லை. மேலும், சிலருக்கு வலப்பக்கமே துணைநின்று உழைக்கிறது. அதை அடக்குவது எல்லோருக்கும் பொருந்தும் என்பதற்கில்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-இல் இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது உண்மையே. அந்த அனுமதி மனச்சோர்வு நோய்க்கு அளிக்கப்பட்டது. அதை வாக்கிழப்புக்கு அத்தாட்சியாகக் காட்டுவது நியாயமன்று.

பேச்சுப் பயிற்சியின் பயனோ இதனினும் உறுதியாக நிறுவப்பட்டிருக்கிறது. 2016-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 57 பரிசோதனைகளை ஆராய்ந்து அதன் நன்மையை எடுத்துக்காட்டிற்று. 2017-இல் வெளியான ஜெர்மானியப் பரிசோதனையில், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பயின்ற நாள்பட்ட நோயாளிகளும் முன்னேறினர். காந்த சிகிச்சையை ஆராய்ந்தோரிற் பலரும் அதனோடு பேச்சுப் பயிற்சியைச் சேர்த்தே நடத்தினர். காந்தம் நிலத்தை உழலாம், விதைப்பது பயிற்சியே.

நம் தேசத்தில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வாக்கிழப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டப் புத்தகத்தில் இடம் கிடைத்தவருக்கு ஆஸ்பத்திரியிலும் இடம் கிடைக்கவேண்டாமா? ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் பேச்சுப் பயிற்சியாளரை நியமிப்பது சர்க்காரின் முதற் கடமை. கருவி வாங்குவது அதற்குப் பிந்தியதே. பணம் பெற்று இச்சிகிச்சை அளிப்போர், நிச்சயமான பயன் எது, பரிசோதனையில் இருப்பது எது என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். தலைக்குள் உலோகம் வைக்கப்பட்டவர்களுக்கும் வலிப்புக் கண்டவர்களுக்கும் உள்ள அபாயத்தை மறைக்கலாகாது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வாக்கை இழந்தவர் புத்தியை இழந்தவரல்லர். அவர் சார்பில் நாமே பேசி முடித்துவிடாமல், அவருடைய சொல் வரும் வரையில் பொறுத்திருப்போமாக. அதற்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.