பெட்டியைப் பள்ளி விட்ட பிறகு பிரியுங்கள்



பொம்மை விலையேற்றம் என்றாலே வரியைத்தான் குறை சொல்கிறோம். இறக்குமதிப் பொம்மைகளின் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்ந்தது உண்மைதான். ஆனால், 2025 செப்டம்பரில் மின்னணு அல்லாத பொம்மைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகும் ஹாட் வீல்ஸ் கார் சேர்க்கும் பிள்ளைகளின் ஏக்கம் தீரவில்லை. விரல் நீளமே உள்ள அந்தக் கார்களில் 'சூப்பர் டிரெஷர் ஹன்ட்' வகைக்கு மினுங்கும் வண்ணமும் ரப்பர் டயரும் உண்டு. சாதாரணக் கார்களோடு கலந்துதான் அது கடைக்கு வருகிறது. பெட்டி பிரிக்கும்போதே பெரியவர்கள் அதைப் பொறுக்கியெடுத்துப் பல மடங்கு விலைக்கு விற்றுவிடுகிறார்கள்.

பழைய தபால்தலைக்கும் இப்படித்தானே விலை ஏறுகிறது என்று கேட்கலாம். தபால்தலை காலத்தால் அரிதாகிறது; நேற்று வந்த கார் பதுக்கலால் அரிதாகிறது. இரண்டும் ஒன்றல்ல. வணிகர்கள் உறை பிரிக்காத சரக்கை அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறையில் விற்பதைப் பொட்டலப் பொருள் விதிகள் 2011 முதலே தடுக்கின்றன. அதிகாரிகள் இதையும் கவனிக்க வேண்டும். கடைக்காரர்களே, ஒருவருக்கு இரண்டு கார் என்று வரம்பு வையுங்கள். புதுப் பெட்டியை மாலையில், பள்ளி விட்ட பிறகு பிரியுங்கள்.

- ஒரு வாசகர்