மூன்று இஞ்ச் வராக்கடன்

எங்கள் அப்பாவுக்கு முப்பத்தாறு வயதில் முழு வழுக்கை. கல்யாண ஆல்பத்தில் நெற்றியில் சுருள் விழ நிற்கிற மனிதர், என் ஐந்தாவது பிறந்தநாள் போட்டோவில் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார். எனக்கு வருகிற ஆவணியோடு முப்பத்தைந்து முடிகிறது. என் அவசரம் புரிகிறதல்லவா?

இருக்கும்போதே அனுபவித்துவிடலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடி வளர்க்க ஆரம்பித்தேன். ஃப்ரீலான்ஸ்காரனுக்கு மேனேஜர் கிடையாது. மேனேஜர் இல்லாதவனுக்கு கிராப்பு கட்டாயமில்லை. (ஆபீஸ் போகிறவர்கள் பொறாமைப்பட வேண்டாம். பி.எஃப்.பும் கிடையாது.)

நாலாவது மாசம், முடி காதையும் மூடாமல் கழுத்தையும் தொடாமல் திரிசங்குவாகத் தொங்கியபோது, அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். ''வேண்டுதலா சார்? பழனியா, திருப்பதியா?''

''வேண்டுதல்தான். இவருக்கு நிரந்தரமா ஒரு வேலை கிடைக்கணும்னு'' என்றாள் மனைவி.

இதையெல்லாம் தாண்டி முடி தோளைத் தொட்டுவிட்டது. பின்னால் திரும்பி நின்றால், ''கொஞ்சம் தள்ளுங்கம்மா'' என்று பஸ்ஸில் சொல்கிற அளவுக்கு வளர்ச்சி. அப்போதுதான் ஆரம்பித்தது. பாத்ரூம் ஜாலியில் முடி. தலையணையில் முடி. சாம்பாரில் ஒரு முடி வந்தால் அது யாருடையது என்று வீட்டில் விவாதம் நடக்குமே, அதுவும் நின்றுபோனது. சந்தேகத்துக்கே இடமில்லை.

அப்பாவின் போட்டோ கண் முன்னால் வந்து போயிற்று. வழுக்கை அம்மா வழித் தாத்தா தருகிற சீதனம் என்பார்கள். பாதிதான் நிஜம். முக்கியமான ஒரு ஜீன் அம்மாவிடமிருந்து வருகிற எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அப்பா வழி ஜீன்களும் சும்மா இருப்பதில்லை.

''நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. மூணு இஞ்ச் வெட்டி எறியுங்க'' என்றாள் மனைவி. இடுப்பு வரை பின்னல் போட்டு வளர்ந்தவள், விஷயம் தெரிந்தவள். அவள் அம்மா வளர்பிறை பார்த்து நுனி வெட்டிவிடுவாராம், வெட்டினால் வேகமாக வளரும் என்று. முடி வளர்வது வேரில். நுனியில் கத்தரி பட்ட சமாசாரம் வேருக்குத் தெரிய வழியே இல்லை.

எனவே மறுத்தேன். பி.காம். படித்தவன் கணக்குப் போடாமல் இருப்பானா? தலைமுடி மாசத்துக்கு சுமார் அரை இஞ்ச் வளரும். மூணு இஞ்ச் என்றால் ஆறு மாசம். ஆறு மாசத்தில் என் முன்நெற்றி எதுவரை போயிருக்குமோ! இப்போது வெட்டியது மறுபடி வராமலே போய்விட்டால்?

ஒரு வாரம் தூங்காமல் யோசித்துவிட்டு சலூனுக்குப் போனேன். நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு என்னை உட்காரவைத்த அதே பெரியவர்தான் இன்னமும். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, ''கொட்டின முடியைக் கொண்டா தம்பி'' என்றார்.

மறுநாள் ஒரு பழைய கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். தானாக உதிர்கிற முடியின் ஒரு முனையில் கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். பாதியில் உடைந்த முடிக்கு அது இருக்காது. கவரில் இருந்தது நாற்பத்து மூன்று. குமிழோடு இருந்தது ஒன்பதே ஒன்பது!

''இது உதிரலை தம்பி, உடையுது. வழுக்கை வர்றதுன்னா அது தனியா வரும், அதுக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. இது நீயா பண்ணிக்கிட்டது.''

நானாகப் பண்ணிக்கொண்டது ஒன்றா இரண்டா? காய்கறிக் கட்டிலிருந்து உருவின ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கியது. ஈரத் தலையை, கார் துடைக்கிற மாதிரி துண்டால் தேய்த்தது (நனைந்த முடி ரொம்ப பலவீனம், இழுத்தால் அறுந்துவிடும்). ஹெல்மெட்டுக்குக் கீழே பறக்கவிட்டுக்கொண்டு பைக்கில் போனது. மச்சினன் கல்யாணத்துக்காக ஒரு ஏ.சி. பார்லரில், இஸ்திரிப் பெட்டிக்குத் தம்பி மாதிரி ஒன்றை வைத்து நீவி நேராக்கிக்கொண்டது. அன்றைக்கே லேசாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது. கல்யாண ஜோரில் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

வெளியே தெரிகிற முடி நகம் மாதிரி உயிரில்லாதது. அதன் மேல்தோல் ஓட்டுவீட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஓடு பெயர்ந்தால் தானாகத் திரும்ப மேலே ஏறுமா? இதுவும் அப்படித்தான். கடையில் விற்கிற சீரம் எல்லாம் தற்காலிகப் பசை. அடுத்த குளியலில் கதை பழையபடி. பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் மரியாதை உண்டு. அது முடிக்குள் இறங்கி புரோட்டீன் இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் நம் ஊர் ஆராய்ச்சியே வந்திருக்கிறது. ஆனால் அதுவும் வருமுன் காப்பதற்குத்தான். பிளந்ததை ஒட்டவைக்காது. பிளந்தது, பனியன் நூல் பிரிகிற மாதிரி மேலே மேலே ஏறும். வெட்டாவிட்டாலும் அது உடைந்து விழத்தான் போகிறது, அதுவும் அது இஷ்டப்பட்ட இடத்தில்.

கல்லூரியில் வராக்கடன் என்று ஒரு பாடம் நடத்தினார்கள். திரும்பி வராத பணத்தை வரும் வரும் என்று கணக்கில் காட்டிக்கொண்டே இருந்தால் பாலன்ஸ் ஷீட் என்னவோ பார்க்க அம்சமாகத்தான் இருக்கும்...

''ஒரு இஞ்ச்'' என்றேன்.

''மூணு.''

''ஒண்ணரை.''

பெரியவர் ஒரு கற்றையை விரலில் சுற்றி என் கண் முன்னால் நீட்டினார். இரண்டரை இஞ்சுக்கு மேலேயே ஒரு முடி இரண்டாகப் பிரிந்து, நாக்கை நீட்டியது. கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்தேன். தேங்காய் நார் தேவலாம்.

''ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம் வா. கால் இஞ்ச் எடுத்தாப் போதும், வளர்றது தங்கும். பெரிய பல் சீப்பா வாங்கி, கீழேர்ந்து மேலே சிக்கெடு.''

வீட்டில் அப்பா பேப்பரை மடித்துவிட்டு என்னை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இரண்டு வருஷமாக என் தலையைப் பற்றி வாயே திறக்காதவர். உள்ளே போய் பீரோவைக் குடைகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையில், அகலப் பல் வைத்த ஒரு பழுப்பு நிறச் சீப்பு.

''கல்யாணத்துக்கு வாங்கினதுடா. ஒரு பல்லுகூட போகலை பாரு'' என்றார். ''எங்கே, யூஸ் பண்ணினாத்தானே!''