பழைய மகிழுந்தும் வராத கடிதமும்

ஆசிரியர் அறையில் பழைய மகிழுந்தைப் பற்றிய பேச்சு எழாத வாரமே இல்லை. ஒருவருக்குக் குளிரூட்டியில் வெப்பக் காற்று வருகிறது. இன்னொருவருக்குச் சன்னல் கண்ணாடி இறங்கினால் ஏற மறுக்கிறது. டோல் சாவடியில் கதவையே திறந்து அட்டையைத் தொட்டுவிட்டு வருகிறார். வேறொருவருக்கு மேட்டில் கியர் உதறுகிறது. பட்டறைக்காரர் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கிளம்புகிறது என்பது எல்லோருக்கும் பொதுவான புலம்பல்.

இப்புகார்கள் நியாயமானவையே. ஆயினும், நாம் குறைபட்டுக்கொள்வன பெரும்பாலும் வசதிக் குறைவுகள். உயிருக்கு உலை வைக்கும் பழுதோ பல வேளைகளில் ஓசையே எழுப்புவதில்லை.

2014ஆம் ஆண்டு சூலை மாதம் சரவாக், சிபுவில் நிகழ்ந்த விபத்தைச் சிலர் மறந்திருக்கலாம். 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஹோண்டா சிட்டி மகிழுந்தை ஓட்டிச் சென்ற கருவுற்ற பெண் ஒருவர் மாண்டார். அவர் குழந்தையும் பிழைக்கவில்லை. மோதல் பெரிதன்று. காக்க வேண்டிய காற்றுப்பையின் உலோகக் கலன் வெடித்துச் சிதறியதே அவர் உயிரைப் பறித்தது. அதைத் தயாரித்தது ஜப்பானின் தக்காத்தா நிறுவனம்.

இக்கோளாறு நம் நாட்டவர் தனிக் கவனம் செலுத்த வேண்டிய ஒன்று. காற்றுப்பையை நொடிப்பொழுதில் விரியச் செய்ய அக்கலனுக்குள் அம்மோனியம் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளை வைத்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் தாக்கினால் அது சிதைகிறது. சிதைந்தது மோதலின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. கலன் தாங்காமல் உடைந்து துண்டுகளாகப் பாய்கிறது. வெயிலும் மழையும் மாறி மாறி வதைக்கும் மலேசியாவை விட அதற்கு ஏற்ற இடம் வேறென்ன இருக்கிறது? வாகனம் மூப்படைய மூப்படைய ஆபத்தும் வளர்கிறது. உலகெங்கும் ஏறத்தாழ 100 மில்லியன் காற்றுப்பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. தக்காத்தா 2017இல் நொடித்துப் போனது. ஆனால் மாற்றப்படாத கலன்கள் இன்னும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பணம் வாங்காமல் மாற்றித் தருகிறார்களே, ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். மறுப்பதால் அன்று, பல வேளைகளில் அறியாமையால்தான். தயாரிப்பாளரின் கடிதம் தம்மிடம் பதிவான முகவரிக்கே போகும். மகிழுந்தோ அதற்குள் இரண்டு மூன்று கை மாறியிருக்கும். நம் பள்ளிப் பெற்றோரில் பலர் பதினைந்து ஆண்டுப் பழைய வாகனத்தைச் சிரமப்பட்டு வாங்கியவர்கள். முதல் உரிமையாளருக்குப் போன கடிதம் அவர்களை எப்படி வந்தடையும்?

பெயர் மாற்றும்போது இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பரிசோதிக்கிறார்கள். அதன்பின் தனியார் மகிழுந்துக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. திரும்ப அழைக்கப்பட்ட வாகனம் எதுவும் பழுது நீக்கப்படாமல் கைமாறக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. விற்பவர் அந்தச் சான்றைக் காட்டியாக வேண்டும். வாங்குபவர் ஏழை என்பதற்காக வெடிக்கக்கூடிய ஒன்றை அவர் மடியில் வைத்து அனுப்புவது எவ்வகை வாணிகம்?

ஓசையில்லாப் பழுதுகள் வேறும் உண்டு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் தயாரானது. பூ தேயாமல் இருந்தாலும் ரப்பர் மூப்படைகிறது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். அதையும் காலத்தில் மாற்ற வேண்டும். காலையில் பள்ளி வாயிலில் நிற்கும்போது இன்னொன்றும் கண்ணில் படுகிறது. பின்னிருக்கைப் பட்டை 2009 முதலும், குழந்தை இருக்கை 2020 முதலும் கட்டாயம். ஆனால் முதலாம் ஆண்டு மாணவன் முன்னிருக்கையில் காற்றுப்பைக்கு எதிரே நின்றுகொண்டே வருகிறான்! அவன் கையசைத்தால் எனக்குச் சிரிக்கத் தோன்றுவதில்லை.

சேசிஸ் எண் வாகனப் பதிவு அட்டையிலேயே இருக்கிறது. அதைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இட்டோ, சேவை நிலையத்தில் சொல்லியோ உங்கள் வாகனம் பட்டியலில் உள்ளதா என்று அறியலாம். வரும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன். வரும் பெற்றோர் பதிவு அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். கணினி அறை திறந்திருக்கும்.