நெல் விளையாத மலையில் நெல்லின் விலை

ஹட்டன் பக்கத்து லயங்களில் விடியுமுன்னே கோதுமை மா ரொட்டி சுடத் தொடங்கிவிடுவார்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் அதைக் கட்டச் சம்பலோடு கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். ஆனால் இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. அரிசி தின்ற சனம் மாவுக்கு மாறிய கதை கப்பலில் வந்த கதை.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், தோட்டங்களுக்குச் சோறு போட்ட பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீட்டில் மா சேர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தின் கீழ் சலுகை விலையில் மா வந்து இறங்கியது. 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை ஓடத் தொடங்குவதற்குள் ரொட்டி நாக்கில் ஊறிவிட்டது.

வெளியூர்த் தானியம் மலிவாக வந்து குவிந்தால் உள்ளூர் விவசாயியின் விலை விழும் என்று பொருளியலாளர் தியோடர் சுல்ட்ஸ் 1960இலேயே எச்சரித்தார். ஹைட்டியில் இறக்குமதி வரி குறைக்கப்பட்டதும் மலிவான அமெரிக்க அரிசி உள்ளூர் விவசாயிகளை நொடித்துப்போட்டது. அதற்குத் துணைபோனதற்காக பில் கிளிண்டன் 2010இல் வருத்தம் தெரிவித்தார்.

மலையகத்துக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும். தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு வயல் இல்லை; அவர் தானியத்தை வாங்க மட்டுமே செய்கிறார். பொலன்னறுவை விவசாயிக்கு நட்டமாகும் விலை, நோர்வூட் லயத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. 1973, 74இல் பங்கீடு சுருங்கி, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோவதும் தடைப்பட்டபோது தோட்டங்களில் பட்டினியால் உயிர்கள் போயின. உதவி சந்தையைக் கெடுக்கும் என்ற பேச்சு அன்று யார் வயிற்றையும் நிரப்பியிராது.

2022ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் பெரும்போக விளைச்சல் விழுந்திருந்தது. 200 ரூபாவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டது. டொலரில் வாங்கும் கோதுமையும் சேர்ந்து ஏறியது. செப்டம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், தோட்டத்தில் நாட்சம்பளமோ 1,000 ரூபா. தமிழ்நாடு உதவியாக அறிவித்த 40,000 தொன் அரிசியின் முதல் கப்பல் மே 18 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த அரிசி நெல் விலையைச் சாய்த்திருக்குமா? நாட்டின் ஆண்டுத் தேவை 20 இலட்சம் தொன்னுக்கு மேல். கணக்குப் பார்த்தால் 40,000 தொன் ஏறக்குறைய ஒரு வாரச் சோறு. அதுவும் தட்டுப்பாட்டு நேரத்தில், வாங்கக் காசில்லாதவர் வீட்டுக்குப் போனது. விவசாயி குறை சொல்ல வேண்டுமானால், அதே ஆண்டில் இதைவிடப் பல மடங்கு வந்திறங்கிய வணிக இறக்குமதியைச் சொல்லலாம்.

2023 தொடக்கத்தில் பெரும்போக அறுவடை வந்தது, நெல் விலை இறங்கியது. அப்போது அரசு உள்நாட்டு நெல்லை வாங்கி, அரிசியாக்கி, சுமார் 28 இலட்சம் வறிய குடும்பங்களுக்கு இரண்டு மாதம் பத்துப் பத்துக் கிலோ கொடுத்தது. நடைமுறையில் குறைகள் இருந்திருக்கலாம். ஆனாலும் வயலுக்கும் லயத்துக்கும் ஒரே மூட்டையில் உதவிய வழி அது. கப்பல் மாவு ஒருநாளும் செய்யாத வேலை.

காசாகக் கொடுத்தால் போதுமே என்பார்கள். டவுனில் போதும். நாலு மைலுக்கு ஒரே கடை, அதிலும் கடன் கொப்பி என்றிருக்கும் தோட்டத்தில், கைக்கு வந்த காசு பழைய பாக்கியில் கழிந்துவிடும். கடைக்காரர் விலையை ஏற்றினாலும் கேட்க ஆளில்லை. இங்கே அரிசியாகக் கொடுப்பதே மேல். அது மாசி, பங்குனி அறுவடையில் நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்கிய நெல்லாக இருக்கட்டும். தோட்டக் கூட்டுறவுக் கடைகள் வழியாகப் போகட்டும். வெளிநாட்டுக் கப்பலை விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.