மூன்று நாள் கப்பலும் முக நரம்பும்

கண்ணாடி முன் நின்று ஐந்து காரியங்கள் செய்து பாருங்கள். புருவத்தை உயர்த்துங்கள். கண்களை இறுக மூடுங்கள். கன்னத்தை உப்புங்கள். பல் தெரியச் சிரியுங்கள். கீழ்வரிசைப் பற்கள் தெரியும்படி கீழுதட்டை இறக்குங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தால் உங்கள் ஏழாவது மூளை நரம்பு, அதாவது முக நரம்பு, நலம். இதற்கு ஒரு நிமிடம் போதும், காலணா செலவில்லை. ஆனால் தாடையில் கத்தி வைப்பதற்கு முன்பு இதைச் செய்து கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தார்களா என்பதில்தான், பின்னால் எழும் பாதி வழக்குகளுக்கு விடை இருக்கிறது.

அந்தமான் நிகோபார்வாசிகளுக்கு இந்த ஒரு நிமிடம் மற்றவர்களைவிட முக்கியம். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 3,80,581 பேர். சுமார் ஏழில் ஒருவருக்குத் தாய்மொழி தமிழ். கச்சால் தீவில் இலங்கையிலிருந்து திரும்பி வந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த குடும்பங்களும் இதில் அடக்கம். பாக்கு நன்றாக விளையும் மண். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் வந்தேறிகளிடமும் உண்டு, நிகோபாரிகளிடமும் உண்டு. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வாய்ப்புற்று வந்தால் தாடையிலும் கழுத்திலும் பெரிய ஆபரேஷன். அதற்குப் பலர் சென்னைக்குத்தான் வருகிறார்கள்.

முக நரம்பு காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து வெளிவந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் விசிறி போல ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என்று ஆளுக்கொரு பகுதி. தாடை ஆபரேஷனில் அதிகம் அடிபடுவது கீழுதட்டுக்குப் போகும் கிளை. 1962-ல் டிங்மன், கிராப் என்ற இருவர் 100 முகப்பாதிகளை அறுத்துப் பார்த்தார்கள். ஐந்தில் ஒன்றில் இந்தக் கிளை தாடை எலும்பின் விளிம்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வரை இறங்கியிருந்தது. அதனால்தான் தாடைக்கு அடியில் கீறும்போது, விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிக் கீறுகிறார்கள். தாடை மூட்டைத் திறக்கக் காதுக்கு முன்னால் கீறினால், ஆபத்து நெற்றிக் கிளைக்கு.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஞானப்பல் பிடுங்கிய பிறகு உதடு மரத்துப்போனால் அது முக நரம்பு அல்ல. உணர்ச்சிக்கு வேறு நரம்பு. அசைவுக்குத்தான் முக நரம்பு. மரத்த உதடு நேராகச் சிரிக்கும். முக நரம்பு அடிபட்ட உதட்டில் உணர்ச்சி இருக்கும், அசைவு இருக்காது. இரண்டாவது, பல் டாக்டர் மரப்பு ஊசி போட்டதும் சில நிமிடங்களில் ஒரு பக்கக் கண் மூட முடியாமல் போவது. ஊசி சற்றுப் பின்னால் போய் மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் இறங்கியிருக்கும். பயம் வேண்டாம், மருந்தின் வேகம் தணிந்ததும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். அதுவரை கண்ணை மூடிப் பாதுகாத்தால் போதும்.

சேதத்தை அளக்க உலகெங்கும் கையாளப்படுவது 1985-ல் ஏற்கப்பட்ட ஹவுஸ்-பிராக்மன் அளவுகோல். ஒன்று என்றால் இயல்பு. ஆறு என்றால் முழு வாதம். ஆனால் இது முழு முகத்துக்கும் ஒரே மார்க் போடுகிறது. தாடை ஆபரேஷனில் போவதோ பெரும்பாலும் ஒரே ஒரு கிளை. கண்ணும் நெற்றியும் முழுசாக இருக்க, கீழுதடு மட்டும் அசையாத ஒருவருக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? எனவே நெற்றி, கண், கன்னம், உதடு என்று பகுதி பகுதியாகக் குறிப்பதே இங்கு நியாயம். இன்னொரு வேடிக்கை: பேசும்போது கீழே இறங்குவது நல்ல பக்கத்து உதடு. பார்ப்பவர்கள் அதைத்தான் கோணல் என்பார்கள்.

மரப்பும் மயக்கமும் தெளிந்தவுடனேயே சோதிப்பது அவசியம். அப்போது நன்றாக அசைந்து, இரண்டாம் நாள் தளர்ந்தால் பெரும்பாலும் வீக்கம்தான், தானே தேறும். ஆரம்பத்திலிருந்தே அசைவு இல்லை, ஆபரேஷனில் நரம்பைக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றினோம் என்ற உறுதியும் இல்லை என்றால், கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அறுபட்ட நரம்பின் வெளிமுனை சுமார் 72 மணி நேரம் வரை மின் தூண்டலுக்குத் துடிக்கும். அதற்குள் மறுபடி திறந்தால், துடிப்பை வைத்து முனையைக் கண்டுபிடித்துத் தைக்கலாம். பிறகு தழும்புக்குள் தேட வேண்டும். தைத்த நரம்பும் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். அசைவு திரும்ப மாதக்கணக்காகும்.

72 மணி நேரம் என்பது மூன்று நாள். சென்னைக்கும், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்கும் இடையே கப்பல் பயணமும் ஏறக்குறைய மூன்று நாள்தான்! தாடை எலும்பு முறிவுக்குச் சின்ன ஆபரேஷன் முடித்து, கட்டோடு கப்பல் ஏறுகிறவர் ஊர் போய் இறங்கிக் கட்டைப் பிரித்து, 'வாய் கோணியிருக்கிறதே' என்று அறியும்போது அந்த நேரம் கடலிலேயே கரைந்திருக்கும். காம்ப்பெல் பேக்காரருக்கு அதற்கு மேலும் ஒரு நாளுக்குக் குறையாத கப்பல்.

தீர்வு பெரிய செலவுள்ளதல்ல. ஆபரேஷனுக்கு முன்பும், மயக்கம் தெளிந்ததும், டிஸ்சார்ஜுக்கு முன்பும் அந்த ஐந்து அசைவுகளைச் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. எக்ஸ்ரே போல அல்லாமல் முக அசைவை வீடியோவிலேயே மதிப்பிடலாம். ஒவ்வொரு தடவையும் கப்பல் ஏறத் தேவையில்லை. புற்றுக் கட்டியோடு நரம்பையும் எடுக்க நேரலாம் என்றால், கையெழுத்து வாங்குவதற்கு முன்பே டாக்டர் அதைச் சொல்ல வேண்டும். கண் மூடாதவருக்குப் பகலில் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை ஒட்டி வைக்க டேப். கடற்காற்றில் காய்ந்த கருவிழி புண்ணானால் பார்வையே போகும்.

தீவு நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பெயர்களோடு ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும்: நெற்றி, கண், கன்னம், உதடு எப்படி அசைகின்றன என்று. அந்த வரி இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கப்பல் டிக்கெட் எடுப்பது அதற்குப் பிறகு.