விளக்கு இல்லாத மணல் திட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் புதுச்சேரி மக்கள் கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். காற்று வாங்குவார்கள். குழந்தைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுப்பார்கள். இரவு வீடு திரும்புவார்கள்.

இன்னோர் இடமும் உண்டு. கடலூர் சாலையில் சுமார் 8 கிலோ மீட்டர் சென்றால் நோணாங்குப்பம். அங்கே சுண்ணாம்பாறு ஓடுகிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் இருந்து வரும் சங்கராபரணி ஆற்றின் கிளை அது. படகில் ஏறினால், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இறங்கலாம். ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் வங்கக் கடல். நடுவே மணல் திட்டு.

அங்கே போகும் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். மாடி வீடு இல்லை, பளிச்சென்ற விளக்கு இல்லை, பாட்டுக் கச்சேரி இல்லை என்று குறைப்படுகிறார்கள்.

இது குறையா? இல்லை. மின்விசிறியும் தொலைக்காட்சியும் வீட்டிலேயே இருக்கின்றன. அவற்றைத் தேடி ஆறு தாண்டிப் போக வேண்டுமா?

1907-ம் ஆண்டு, பேடன் பவல் என்ற ஆங்கிலேயர் சுமார் 20 சிறுவர்களை பிரவுன்சீ என்ற தீவுக்கு அழைத்துப் போனார். சிறுவர்கள் கூடாரத்தில் தூங்கினார்கள். தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள். அந்த முகாமில் இருந்துதான் உலகம் எங்கும் சாரணர் இயக்கம் வளர்ந்தது. வசதி குறைந்த இடம் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம்.

வெளிச்சம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை அவை வரும் காலம். தாய் ஆமை இரவில் கரை ஏறும். மணலில் குழி பறித்து, சுமார் 100 முட்டைகள் இடும். மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். அவற்றுக்கு வழி காட்டத் தாய் இல்லை. இருட்டில் கடல் பக்கம் தெரியும் வெளிச்சமே வழிகாட்டி.

கரையில் மின்விளக்கு எரிந்தால் என்ன ஆகும்? குஞ்சுகள் அதைக் கடல் என்று எண்ணி ஊர்ப் பக்கம் நடக்கும். நாயும் காக்கையும் கொத்திப் போகும். மிஞ்சியவை வெயிலில் காய்ந்து சாகும்.

பிளாஸ்டிக் பையும் அப்படித்தான். தண்ணீரில் மிதக்கும் பையைச் சொறி மீன் என்று எண்ணி ஆமை விழுங்கிவிடுகிறது. 2022 ஜூலை 1 முதல், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருட்களுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. சட்டம் மட்டும் போதாது. போகிறவர்கள் மனம் வைக்க வேண்டும்.

ஆகவே, மணல் திட்டில் புதிய கட்டடங்களும் விளக்குகளும் வேண்டாம். ஆமை வரும் மாதங்களில் கரை இருட்டாகவே இருக்கட்டும். இதை அரசு கவனிக்க வேண்டும்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் கடமை உண்டு. புளிச்சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு போகலாம். குப்பையைத் திரும்பக் கொண்டு வரலாம். ஆறும் கடலும் சேரும் இடத்தில் நீரின் இழுப்பு அதிகம். பிள்ளைகளை அங்கே இறங்க விடக்கூடாது.

மனிதனுக்குப் போய்வர ஆயிரம் இடம் உண்டு. முட்டையிட வரும் ஆமைக்கு இந்த மணல்தான் பிரசவ அறை. அதன் விளக்கை அணைத்து வைப்பது நம் பொறுப்பு அல்லவா?