படித்துறைக்கு வரும் நிறுவன ஊழியர்கள்: எங்கள் நிலைப்பாடு

ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறைகளைச் சுத்தமாக வைத்திருப்பது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருவது என்ற இரண்டு வேலைகளைச் செய்துவரும் உள்ளூர்க் குழு நாங்கள். "எங்கள் ஊழியர்களை ஒரு சனிக்கிழமை அழைத்து வரலாமா?" என்று நிறுவனங்கள் கேட்பது வருடத்துக்கு வருடம் கூடிவருகிறது. யாரை, எப்போது, எந்த வேலைக்குச் சேர்த்துக்கொள்வோம் என்பதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவது நல்லது என்று இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

ஊழியர்கள் வரட்டும். மனமார வரவேற்கிறோம். எந்த நாளில் எத்தனை பேர் வருவது என்பதை மட்டும் இங்குள்ள வேலை தீர்மானிக்கட்டும். அவர்களை வைத்து வேலை செய்ய எங்களுக்கு ஆகும் செலவை அனுப்புகிற நிறுவனம் ஏற்கட்டும்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம், ஊழியர் தொண்டுத் திட்டங்கள் நிறுவனங்களுக்குள் நடக்கும் விதம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் 135ஆம் பிரிவு இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. ஊழியர்கள் செய்யும் தொண்டும் இந்தக் கணக்கில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது. ஊழியர்களை ஈடுபடுத்துவது நல்லதுதான், ஆனால் அவர்களுடைய நேரத்துக்கு விலை போட்டு சி.எஸ்.ஆர். செலவாக எழுத முடியாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2016 ஜனவரியிலேயே விளக்கம் அளித்துவிட்டது.

அந்த விதி சரியானதுதான். அதன் பக்கவிளைவு என்னவென்றால், பணம் ஒரு மேசையிலும் ஆட்கள் வேறொரு மேசையிலும் தங்கிவிடுகிறார்கள். ஊழியர் தொண்டைப் பெரும்பாலும் ஹெச்.ஆர். பிரிவுதான் நடத்துகிறது. ஆண்டு முடிவில் அந்தப் பிரிவு மேலிடத்துக்குக் காட்ட வேண்டியது எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், மொத்தம் எத்தனை மணி நேரம் என்ற இரண்டு எண்களை. நூறு பேர் மூன்று மணி நேரம் வந்தால் முந்நூறு மணி. ஆறு பேர் வருடம் முழுக்க மாதம் ஒரு சனிக்கிழமை நான்கு மணி நேரம் வந்தால் இருநூற்று எண்பத்தெட்டு மணி. பட்டியலில் முன்னது பெரியது. படித்துறையில் அந்த ஆறு பேர் செய்யும் வேலையின் பக்கத்தில் நூறு பேரின் வேலை நிற்காது.

படித்துறை வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறோம். ஆடி அமாவாசை முடிந்த மறுநாள் காலை அம்மா மண்டபத்துக்கு வந்து பாருங்கள். தர்ப்பணம் கொடுத்துக் குளித்தவர்கள் ஆற்றில் விட்டுப்போன வேட்டியும் புடவையும் தண்ணீருக்கடியில் படிகளின் விளிம்பில் சிக்கிக் கிடக்கும். ஒரு புடவையை இழுத்தால் அதோடு பின்னிக்கொண்ட நாலு துணி சேர்ந்து வரும். நனைந்து மண் ஏறிய துணியின் கனம் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையால் இழுக்கக் கூடாது, நீளக் கம்பிக் கொக்கியால் கரையில் நின்றபடியே இழுக்க வேண்டும். எந்தப் படியில் பாசி அதிகம், எங்கே படி உடைந்திருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீரின் இழுப்பு வலுவாக இருக்கும் என்று பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பழகியவர் ஒருவர், புதியவர் மூன்று பேர் என்பது எங்கள் கணக்கு. அதற்கு மேல் போனால் புதியவர்களைப் பார்த்துக்கொள்வதே எங்கள் வேலையாகிவிடும். துணி ஆற்றிலேயே கிடக்கும்.

நாளும் முக்கியம். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அதற்கு முன், சித்திரை வைகாசியில் ஆறு மணலாகக் கிடக்கும்போதுதான் உடைந்த பாட்டிலையும் மணலில் புதைந்த பிளாஸ்டிக்கையும் ஆபத்தில்லாமல் பொறுக்க முடியும். அந்தக் கத்திரி வெயிலில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆள் கேட்டால் கிடைப்பதில்லை. அக்டோபர் முதல் வாரத்தில், காந்தி ஜயந்தியையும் 'தான் உத்சவ்' என்ற கொடை வாரத்தையும் ஒட்டி, நாலு நிறுவனங்கள் ஒன்றாகக் கேட்கின்றன. அப்போது ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியிலும் இதே கதைதான். நிதியாண்டு முடிகிற மார்ச்சில், விட்டுப்போன மணிக்கணக்கை நிரப்ப 'வேலைவாய்ப்பு வழிகாட்டல்' நடத்த வருகிறார்கள். அது பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு எழுதும் மாதம். ஜூலையிலேயே வந்து வாரம் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித்தந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

ஆகவே எங்கள் முடிவு இது. படித்துறைக்கு ஒரு நாளில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ள மாட்டோம். ஒரே ஒரு முறை வந்து போகும் குழுவைத் தண்ணீர் ஓரத்துக்கு அனுப்ப மாட்டோம். அவர்களுக்குக் கரையில் குப்பை பிரிக்கும் வேலை உண்டு. விதிகள் சொல்கிறபடி வகைவகையாகப் பிரித்து மாநகராட்சியிடம் கொடுக்காவிட்டால் பொறுக்கியும் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அரியமங்கலம் குப்பைக் கிடங்கு பல வருடங்களாக இந்த ஊருக்குக் காட்டியிருக்கிறது. பள்ளிக்கு வருகிறவர் ஒரு பருவம் முழுக்க வருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். பாதியில் நின்றுபோகிறவரைப் பிள்ளைகள் பல நாள் வாசலைப் பார்த்துத் தேடுவார்கள்.

மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவச ஆட்களைக் கொண்டு நிரப்ப எங்களால் உதவ முடியாது. சாக்கடையில் இறங்கும் வேலைக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். பெற்றோரும் தலைமையாசிரியரும் எழுத்தில் சம்மதிக்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்க விட மாட்டோம். தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களைப் படம் எடுப்பதற்கும் இது பொருந்தும். துக்கத்தோடு ஆற்றுக்கு வந்தவர் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இடம்பெறக் கூடாது.

எல்லோரையும் துடைப்பம் பிடிக்கத்தான் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி வெல்டிங் தெரிந்த ஊர். பொன்மலை ரயில்வே பணிமனை 1928 முதல் இருக்கிறது. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை 1960களில் வந்தது. அதன் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இங்கேதான் உள்ளது. அவற்றைச் சுற்றித் துவாக்குடி வரை வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எத்தனையோ. இப்படிப்பட்ட ஊரில் எங்கள் கொக்கிகள் துருப்பிடித்து வளைந்து கிடக்கின்றன. பிடி நழுவாத, கனம் குறைந்த கொக்கி செய்துதர ஒரு ஃபிட்டரும் ஒரு வெல்டரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போதும். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை பார்க்கும் ஒருவர் எங்கள் வருகைப் பதிவையும் வரவு செலவையும் ஒழுங்கான கணக்காக மாற்றித்தந்தால் அது வருடக்கணக்கில் பயன்படும். இவர்கள் டி-ஷர்ட் போட்டுக் குழுப்படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதாலேயே இந்த வேலைகள் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் வருவதில்லை.

கடைசியாகப் பணம். பன்னிரண்டு பேர் வரும் ஒரு காலைப் பொழுதுக்குக் கையுறை, முதலுதவிப் பெட்டி, குடிநீர், குப்பை ஏற்றும் வண்டி, முன்னதாக அனுமதி வாங்க அலைவது, அன்று முழுக்க எங்கள் ஆள் நான்கு பேர் என எல்லாம் எங்கள் கையிலிருந்து போகிறது. இதை நிறுவனங்களிடம் கேட்கத் தயங்கியதால்தான் சிறிய அமைப்புகள் பல ஓய்ந்துபோயின. மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் தன் ஊழியர் தொண்டு செய்யும் ஒவ்வொரு மணிக்கும் 25 டாலரை அந்தத் தொண்டு அமைப்புக்கே தருகிறது. ஆளோடு பணமும் வர வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை இங்குள்ள நிறுவனங்களும் பின்பற்ற வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தை அமைப்புகள் வழியாகச் செலவிடுவதானால் அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்டது. எங்களைப் போன்ற சிறு குழுக்கள் பலவற்றுக்கு அந்தப் பதிவு கிடையாது. அப்படியிருந்தால் நிறுவனம் தன் சொந்தச் செலவுக் கணக்கிலிருந்து தரட்டும். ஊழியர்களுக்கு டி-ஷர்ட்டும் பேனரும் அச்சடிக்கும் அதே கணக்கிலிருந்து தரலாம்.

அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை நிறுவனங்கள் வகுக்கும் ஜனவரி, பிப்ரவரியில் எங்களோடு பேசுங்கள். ஆற்றில் மணல் தெரியும் நாட்களுக்கு ஆள் வேண்டும், கொக்கி செய்ய இருவர் வேண்டும், ஜூலை முதல் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர நால்வர் வேண்டும்.